தொழிற்சாலை இல்லாத தொழில் நகரம்

பழவேற்காட்டை டச்சுக்காரர்களின் ஊர் என்று சொல்வது நமக்குப் பழகிவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், ஏரியும் கடலும் சந்திக்கிற இந்த ஊரை ஒரு பழைய தொழில் நகரமாகப் பார்ப்பதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது. மீனும் இறாலும் கைமாறுகிற கரையில் நின்றுகொண்டு இப்படிச் சொல்வது விபரீதமாகப் படலாம். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் இந்தோனேசியத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும் இந்தக் கரையின் துணிக்குத்தான் கிடைத்தன.

தெருக்களில் நடந்தால் இதற்கான தடயம் எதுவும் கண்ணில் படுவதில்லை. படுவதெல்லாம் வேறு. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே கிடைமட்டமான பெரிய கற்பலகைகளில் கம்பெனி அதிகாரிகளின் பெயர்களும் குடும்ப முத்திரைகளும் எழுத்து மழுங்காமல் இருக்கின்றன. தொல்லியல் துறை காவல் காக்கிறது. 1613-இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை இன்று அகழியும் புதர் மண்டிய மேடும்தான். 1690-இல் கம்பெனி தன் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியது. 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை அழிந்தது, கல்லறை பிழைத்தது.

நெய்தவன் எங்கே? 'பாக்டரி' என்ற சொல்லுக்கு அன்றைய பொருள் ஆலை அல்ல. கம்பெனியின் ஏஜெண்டுகள் தங்கிச் சரக்குச் சேர்க்கிற பண்டகசாலை. தறி இருந்தது சுற்றுவட்டாரக் கிராமங்களில், நெசவாளியின் வீட்டுக்குள். கம்பெனி வணிகனுக்கு முன்பணம் தந்தது, வணிகன் நெசவாளிக்குத் தந்தான். துணி எதிர்த்திசையில் வந்து கப்பலேறியது. மலையா, சின்னண்ணா என்ற செட்டி சகோதரர்கள் இந்த இடைநிலையில் பெரும் செல்வாக்கு அடைந்தவர்கள். அவர்கள் பெயர் கம்பெனி ஆவணங்களில் இருக்கிறது. நெய்தவர்களும் சாயம் தோய்த்தவர்களும் அங்கே பெரும்பாலும் ஒரு பன்மைச் சொல் மட்டுமே.

இன்றைய அர்த்தத்தில் ஆலை என்று சொல்லத்தக்கது இங்கே இருந்த வெடிமருந்து ஆலைதான். பட்டாவியா முதலான கீழ்த்திசைக் கோட்டைகளுக்கு மருந்து இங்கிருந்து போயிற்று. அதே துறையிலிருந்து மனிதர்களும் போனார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் தங்களையோ பிள்ளைகளையோ விற்க நேர்ந்தவர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். துணி, மருந்து, மனிதர் மூன்றும் ஒரே கணக்குப் புத்தகத்தில் சரக்குகள்.

போலந்தின் வூச் நகரம் இங்கே ஞாபகம் வருகிறது. 1820-இல் தொழில் ஊராக அறிவிக்கப்பட்டுப் பஞ்சாலைகளால் பெருநகரமான ஊர் அது. ரெய்மான்ட்டின் நாவல் வழியாகவும், அதை வைத்து வய்தா 1975-இல் எடுத்த படம் வழியாகவும் நம்மில் சிலருக்குத் தெரியும். அங்கே போஸ்னான்ஸ்கியின் செங்கல் ஆலை 2006-இல் வணிக வளாகமாகத் திறக்கப்பட்டது. உழைப்பு நடந்த கூடத்தில் இன்று செருப்பு விற்கிறார்கள் என்று வருத்தப்படலாம். ஆனால் கூடம் இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளும் நிற்கின்றன. இங்கே மாற்றி உபயோகிக்கக்கூட ஒரு சுவர் இல்லை, ஏனெனில் உழைப்புக்குச் சுவர் கட்டித்தர யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. தொழிற்சாலை இல்லாதது பின்தங்கிய நிலை அல்ல. அது ஒரு ஏற்பாடு. நஷ்டத்தை நெசவாளியின் வீட்டிலேயே தங்கவைக்கிற ஏற்பாடு.

ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'பெலிக்காட்' என்று பெயர். பழவேற்காட்டின் 'புலிகாட்'தான் அது. உடுத்துகிற பலருக்கு அது ஓர் ஊரின் பெயர் என்பதே தெரிந்திருக்காது. கல்லில் கம்பெனி அதிகாரியின் பெயர் நின்றது. துணியில் ஊரின் பெயர் நின்றது. நெய்தவனின் பெயர் இரண்டிலும் இல்லை.

இதைப் பழங்கதையாக மூடி வைக்க முடியவில்லை. இங்கிருந்து நேர் மேற்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம். அங்கே ஆலைகள் உண்டு: இரும்பு உருக்கும் உலைகள், தகரக் கூரைக் கொட்டகைகள், புகை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஷிஃப்டு மாறி வெளியே வருகிறார்கள். பலருக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு காண்டிராக்டர் நிற்கிறார். முன்பணமும் பெயர்ப்பட்டியலும் அவர் கையில். சுவர் வந்துவிட்டது. மலையா செட்டியின் இடம் மட்டும் காலியாகவில்லை.

தகரம் செங்கல்லைப் போல நிற்காது. நம் சரித்திரக்காரர்கள் கல்வெட்டுக்குக் காத்திருந்து பழகியவர்கள். கும்மிடிப்பூண்டியில் அப்படிக் காத்திருந்தால் முதலாளிகளின் பெயர்ப்பலகைகள்தான் கிடைக்கும். காண்டிராக்டரின் பட்டியல் குப்பைக்குப் போவதற்குள் அதிலிருக்கும் பெயர்களை யாராவது எழுதி வைக்க வேண்டும்.