ஆறிய எலும்புகள்

அறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நூல்களையும் அவற்றை அருளியவர்களையும் காட்டுவது நம் வழக்கம். எழுத்து பிறந்தே ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கும் முன்பு நலிந்தவரை மனிதர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு எலும்புதான் சாட்சி. ஜார்ஜியா நாட்டின் த்மனிசியில் கிடைத்த, சுமார் 17.7 லட்சம் ஆண்டுப் பழைமையான ஒரு மண்டையோட்டில் ஒரு பல்லைத் தவிர மற்றவை உதிர்ந்து, பற்குழிகள் தூர்ந்துபோயிருக்கின்றன. பல் போன பின்பும் அவர் சில ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறார். ஈராக்கின் ஷானிதர் குகையில் 1957இல் கிடைத்த நியாண்டர்தால் ஆணுக்கு இடக்கண் ஓரம் பலத்த அடிபட்டு ஆறியிருந்தது, வலக்கையில் முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை, காலும் ஊனம். அவரும் நாற்பது வயதை ஒட்டி வாழ்ந்தார்.

இத்தகைய எலும்புகளை வைத்துக் கருணையை நிறுவ முடியாது என்று 1991இல் மானுடவியலாளர் கேத்தரின் டெட்வைலர் வாதிட்டார். பல் இழந்த குரங்குகளும் தனியே பிழைக்கின்றன. ஊனமுற்றவர் பிறருக்குச் சுமையாகத்தான் இருந்திருப்பார் என்பது நம் காலத்து முன்முடிவு என்றார். இது நியாயமான கண்டிப்பு. த்மனிசி முதியவர் மெல்லிய உணவைத் தாமே தேடித் தின்றிருக்கலாம். ஆனால் வியட்நாமின் வடக்கே மான் பாக்கில் 2007இல் தோண்டிய ஒரு கல்லறைக்கு இந்த மறுப்பு பொருந்தாது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே புதைக்கப்பட்ட இளைஞருக்குக் கழுத்து முள்ளெலும்புகள் ஒட்டிப் பிறந்த நோய். பதின்வயதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, கைகளும் பெரும்பாலும் முடங்கிய பிறகு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். பத்து ஆண்டுகள் என்றால் 3,600 நாட்களுக்கு மேல்: ஊட்ட வேண்டும், கழுவ வேண்டும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தனியே பிழைத்தார் என்று இங்கே சொல்ல வழியில்லை.

உதவி என்பது திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கில் வளர்ந்தது என்று 1971இல் பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் விளக்கினார். அந்தக் கணக்கு பல உறவுகளுக்குச் சரி. ஆனால் மான் பாக் இளைஞர் எதைத் திருப்பித் தந்திருக்க முடியும்? பெற்ற பாசம் என்றால், அது தொடங்கிவைத்திருக்கும். பத்து ஆண்டுப் பணியைப் பாசம் மட்டும் தாங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. நெடுங்காலம் கையில் வைத்து வளர்க்க வேண்டிய குழந்தையைப் பெறும் இனம் நாம். அந்தப் பாசத்தை வளர்ந்தவர்மீதும் நீட்டி, முறைபோட்டுச் செய்யப் பழக்கியது வழக்கம்தான். இயற்கை தந்தது விதை. அதை ஊரின் கடமையாக்கியவர்கள் மனிதர்கள்.

அந்தக் கடமை எல்லாரையும் தழுவியதா என்பது வேறு கேள்வி. ஸ்பெயினின் அட்டபுவெர்க்காவில், சுமார் 4,30,000 ஆண்டுப் பழைமையான ஆழ்குழி ஒன்றில், மண்டையெலும்பு முன்கூட்டியே இணைந்து தலை கோணிப்போன குழந்தையின் எச்சம் கிடைத்தது. அது ஐந்து வயதைத் தாண்டி வளர்க்கப்பட்டிருந்தது. அதே குழியில் இன்னொரு மண்டையோடு. இடக்கண்ணுக்கு மேலே ஒரே கருவியால் விழுந்த இரண்டு அடிகள். அவை ஆறவே இல்லை.