வலி போனது, குழாய் வந்தது

என் அப்பாவுக்கு 1971-ல் கல்லடைப்பு வந்தது. நடுராத்திரி விலாவின் பின்பக்கம் பிடித்த வலி, தொடை இடுக்கு வரை இறங்கி, மனுஷரைத் தரையில் உருள வைத்துவிட்டது. அம்மா வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் கொடுத்துப் பார்த்தாள். பத்தாம் நாள் ஆபரேஷன். விலாவுக்குக் கீழே ஒரு சாணுக்கு மேல் தழும்பு, மூன்று வாரம் ஆஸ்பத்திரி. எடுத்த கல்லை அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள். கொண்டைக்கடலை அளவுதான். வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

அந்தக் காலத்தில், தானாக இறங்காத கல்லுக்குப் பெரும்பாலும் கத்திதான் வழி. சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், உள்வழி மூன்று நான்கு மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல் பெரும்பாலும் தானே வந்துவிடும். அதற்கு மேல் போனால் சிக்கல்.

அப்பா தழும்பைத் தடவிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், ஜெர்மனியில் டார்னியர் என்ற விமானக் கம்பெனி வேறு ஒரு கவலையில் இருந்தது. அதிவேகமாகப் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால் அதிர்ச்சி அலை உண்டாகிறது. அது உலோகத்துக்குள் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். இந்த அலை தண்ணீரிலும் உடம்புத் தசையிலும் பெரிய சேதம் இல்லாமல் புகுந்து போய், கெட்டியான பொருளில் மோதும்போதுதான் தன் வேலையைக் காட்டுகிறது என்று தெரிந்தது. அப்படியானால் கல்லை உடைக்கலாமே! மியூனிக் பல்கலைக்கழக மருத்துவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பல வருடம் விலங்குகளில் சோதித்த பிறகு, 1980 பிப்ரவரி 7-ஆம் தேதி கிறிஸ்டியன் சௌசியும் சகாக்களும் முதல் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். தொட்டியின் அடியில் மின்பொறி வெடிக்கும். அதன் அலை கிண்ணம்போன்ற உலோகத்தில் பட்டுத் திரும்பி, கல் இருக்கும் இடத்தில் குவியும். கத்தியே படாமல் கல் பொடியாகியது. மழைத்துளியில் தொடங்கிய விஷயம் இங்கே வந்து முடிந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

ஆனால் ஆரம்பத்தில் இது சிறுநீரகக் கல்லுக்கே நன்றாக வேலை செய்தது. குழாயில் சிக்கிய கல்லை முதலில் மேலே தள்ளிவிட்டுப் பிறகு உடைத்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில், ஸ்பெயினில் பெரஸ் காஸ்ட்ரோ குழாய்க்குள்ளேயே ஏறிப் பார்க்கும் நீளமான யூரிட்டரோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். பின்னால் லேசரும் சேர்ந்துகொண்டது.

இன்னொரு சின்னப் பொருள் உண்டு. அதிகம் பேர் கேள்விப்படாதது. 1978-ல் அமெரிக்காவின் ஃபின்னி என்ற மருத்துவர், இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாய் ஒன்றைப் பற்றி எழுதினார். ஒரு சுருள் சிறுநீரகத்தில், இன்னொன்று பையில். நடுவில் நழுவாமல் நிற்கும். டபுள் ஜே ஸ்டென்ட் என்பார்கள். கல் அடைத்து, அதோடு குளிர்காய்ச்சலும் கிருமியும் சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து. அப்போது கல்லைத் தொடவே மாட்டார்கள். முதலில் இந்தக் குழாயைப் போட்டோ, முதுகுப்பக்கம் துளையிட்டோ நீரை வெளியேற்றுவார்கள். கல் அப்புறம்தான். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த குழாய் அது.

2009-ல் எனக்கும் அப்படித்தான் போட்டார்கள். வலி ஒரே நாளில் போனது. ஆனால் அரைமணிக்கு ஒருதரம் ஒன்றுக்கு, போகும்போது விலாவில் இழுப்பு, சில நாள் சிவப்பாக நீர். பேத்தியின் காதுகுத்துக்குப் பஸ்ஸில் போகிற வழியில் மூன்று முறை வண்டியை நிறுத்தச் சொன்னேன். கண்டக்டர் முகத்தை இப்போதும் மறக்கவில்லை. வேறு வியாதி வந்துவிட்டது என்றே நினைத்தேன். உள்ளே குழாய் இருக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் எனக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படித்த மருமகன்தான் சொன்னார்.

இந்த அவதியை முறையாகக் கேட்டு எழுத 2003-ல் ஒரு வழி வந்தது. இங்கிலாந்தின் ஜோஷி என்ற மருத்துவரும் சகாக்களும், ஸ்டென்ட் போட்டவர்களுக்கென்றே கேள்வித்தாள் தயாரித்தார்கள். வலி, தூக்கம், வேலை, தாம்பத்தியம் எல்லாம் அதில் உண்டு. பத்தில் எட்டுப் பேருக்கு அன்றாட வாழ்க்கையைத் தொடும் வலி இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களால் வழக்கம்போல வேலை செய்ய முடியவில்லை. ஃபின்னியின் குழாய்க்கு அப்போது 25 வயது! அதற்குப் பிறகு பிராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரை இந்தத் தொந்தரவைக் குறைக்கிறது என்று கண்டார்கள். கிருமி இல்லாதவர்களுக்கு, குழாய் போட்டுக் காத்திருக்க வைக்காமல் ஓரிரு நாளிலேயே கல்லை எடுத்துவிடுவதும் பல இடங்களில் நடக்கிறது.

யாருக்காவது குழாய் போட்டிருந்தால் எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மறந்துபோனால் அதன் மேலேயே கல் படியும்.

ஆறாம் வாரம் லேசரில் என் கல்லைப் பொடியாக்கினார்கள். அதற்குப் பத்து நாள் கழித்துக் குழாயை எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பாவுடையது இன்னும் பரணில் இருக்கிறது.