அப்பா செய்த எலும்பு, அம்மா தைத்த சட்டை



விடுமுறை வந்தால் செல்போனை அசையாமல் நிறுத்தி, களிமண் பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம் பிடிக்கும் பிள்ளைகள் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். இதற்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். பொம்மலாட்டத்தில் கயிறு உண்டு. இதில் அதுவும் கிடையாது. ஒரு படம் எடுக்க வேண்டும், பொம்மையை இம்மியளவு நகர்த்த வேண்டும், மறுபடி ஒரு படம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு? வாய்ப்பாடு மறந்திருக்காது என்று நம்புகிறேன்: 1,440.

இந்தக் கலையில் பெரும்புகழ் பெற்றவர் ரே ஹாரிஹவுசன். 1920-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, 1933-ல் வெளிவந்த 'கிங் காங்' படத்தைப் பார்த்தார். அந்தப் பெரிய குரங்கு உண்மையில் ஒன்றரை அடிப் பொம்மை என்று தெரிந்ததும், தானும் செய்துபார்க்க உட்கார்ந்துவிட்டார். முதல் முயற்சிகளில் ஒன்று குகைக் கரடி. அதற்குத் தோல் எங்கே கிடைக்கும்? அம்மாவின் பழைய ரோமக் கோட்டு கரடியாகிவிட்டது!

அப்பா இயந்திரப் பட்டறை வேலை தெரிந்தவர். பொம்மை வைத்த இடத்தில் வைத்தபடி நிற்க வேண்டுமானால் உள்ளே உலோக எலும்புக்கூடு வேண்டும். நம் தோளில் இருக்கும் பந்துக்கிண்ண மூட்டு போன்ற மூட்டுகளை அப்பா கடைந்து கொடுத்தார். அம்மா பொம்மைகளுக்கு உடை தைத்தார். வீட்டுக் கார் ஷெட்தான் ஸ்டுடியோ.

'கிங் காங்' பொம்மைகளை இயக்கிய வில்லிஸ் ஓ'பிரையனிடம் தன் டைனோசர் பொம்மையை எடுத்துச் சென்றார் ரே. அவர் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடவில்லை. கால்களில் தசையே தெரியவில்லை, உடற்கூறு படித்துவிட்டு வா என்றார். பையன் முகம் சுளிக்காமல் மாலை வகுப்பில் சேர்ந்து படித்தான். 1949-ல் வந்த 'மைட்டி ஜோ யங்' படத்தில் அதே குருவுக்கு உதவியாளராக இருந்து, பொம்மை அசைவுகளில் பெரும்பகுதியைச் செய்தார். காட்சி நுட்பத்துக்காக அந்தப் படம் ஆஸ்கர் பெற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ராணுவத்தில் காலாவதியாகிப்போன 1,000 அடி வண்ணப் பிலிம் சுருள் அவருக்குக் கிடைத்தது. அதை வைத்து 1946-ல் குழந்தைப் பாட்டுகளைக் குறும்படமாக்கினார். பிறகு சிறுவர் கதைகள். அவை பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குத் திரையிடப்பட்டன. ஆசிரியராக இருந்த எனக்கு அவருடைய பெரிய படங்களைவிட இதுதான் மனதுக்கு நெருக்கமான செய்தி.

1963-ல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று வீரர்களோடு வாள்சண்டை போடும். சில நிமிடக் காட்சி. நான்கு மாதத்துக்கு மேல், தனி ஒருவராக நகர்த்தி நகர்த்தி எடுத்தார்.

1952-ல் ஆமையும் முயலும் கதையைத் தொடங்கினார். பெரிய சினிமா வேலை வந்ததால் அது பாதியில் நின்றது. அவரைப் பார்த்தே இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டு இளைஞர்கள் பிற்காலத்தில் அவரோடு சேர்ந்து வேலை செய்ய, 2002-ல் படம் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 82. ஆமை எல்லைக்கோட்டைத் தொட 50 ஆண்டுகள்! 2013-ல் லண்டனில் காலமானார்.

என்னிடம் படித்த பலர் இன்று பெற்றோர். "இதெல்லாம் சோறு போடுமா?" என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் ரே பொம்மை செய்யத் தொடங்கிய 1930-கள் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். அந்தக் காலத்திலும் அந்தத் தாய் தந்தையர் பிள்ளைக்கு இடம் கொடுத்தார்கள், கைவேலை கொடுத்தார்கள். அவனுக்கு ஒரு படம் அமையுமா என்று அன்று யாருக்குத் தெரியும்?

உங்கள் பிள்ளை கேட்டால் செல்போனுக்கு இரண்டு செங்கல் முட்டுக் கொடுங்கள். ஜன்னல் வெயில் வேண்டாம், நிழல் நகர்ந்துவிடும். டியூப் லைட் போதும். நொடிக்கு 12 படம் வீதம் எடுத்தாலும் பத்து நொடிக்கு 120 படங்கள். ஒரு பகல் போய்விடும். இடையில் சாப்பாட்டு மேசையைக் காலி பண்ணச் சொல்லாதீர்கள். அன்று ஒருநாள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்