குழந்தைத் தொய்வும் தாதியர் பணியும்

சுவாசக் குழாய்கள் சுருங்கி வீங்கிச் சளியால் அடைபட, மூச்சை வெளிவிட இயலாது குழந்தை திணறும் நோயே தொய்வு. ஆஸ்துமா என்று மருத்துவர் கூறும் இந்நோயின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஆயின், அம்மருந்து குழந்தையின் நுரையீரலைச் சென்றடையச் செய்த தாதியர் பணியும் அவ்வரலாற்றின் இன்றியமையாத பகுதியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நோய் தணிக்கும் வழிகள் மிகச் சிலவே. ஊமத்தையைப் புகைக்கும் வழக்கம் 1802ஆம் ஆண்டளவிற் சென்னையிலிருந்து இங்கிலாந்து சென்றது. தொய்வால் தாமே வருந்திய ஹைட் சோல்ற்றர் 1860இல் வெளியிட்ட நூலிற் கடுங்காப்பியைப் பரிந்துரைத்தார். அக்காலத்திலேயே புளோரன்ஸ் நைற்றிங்கேல், நோயாளிக்குக் குளிர் தாக்காது தூய காற்றளித்தலே தாதியின் முதற் கடமை என வற்புறுத்தினார். பலகணியைத் திறப்பதும், குழந்தையை நிமிர்த்தி இருத்துவதும், அச்சந் தணிப்பதுமே அன்று தாதியால் இயன்றவை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மருத்துவர் பெஸ்கின் கருத்தைத் தழுவி, கடுந்தொய்வுற்ற சிறுவர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு டென்வர் நகர இல்லமொன்றில் நெடுங்காலம் வைத்துப் பேணப்பட்டனர். வீட்டைத் திருத்தும் வழி அறியப்படாமையால், குழந்தை வீட்டைத் துறக்க நேர்ந்தது.

1956இல் அளவாக மருந்து தெளிக்கும் கைக்கருவி வந்தது. மருந்து எளிதாயிற்று, ஆபத்தும் உடன் வந்தது. 1960களில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பத்து முதற் பதினான்கு வயதுச் சிறுவரிடையே தொய்வு மரணங்கள் பன்மடங்காகப் பெருகின. ஐசோபிரினலின் மருந்தை அளவுமீறித் தெளித்தமையும், அது தந்த தற்காலிக ஆறுதலை நம்பி மருத்துவரை நாடத் தாமதித்தமையும் காரணங்களாகக் கருதப்பட்டன. 1967இல் எச்சரிக்கை விடுக்கப்பட்ட பின்னர் மரணங்கள் குறைந்தன. கற்பிப்பாரின்றிக் கருவி மட்டும் போதாதென்பது இதனாற் புலனாயிற்று.

1972இல் வழக்கிற்கு வந்த பெக்குளோமெதசோன் என்னும் உள்ளிழுக்கும் மருந்து அழற்சியைத் தணித்து நோயைத் தடுப்பது. எனினும் அது உடனே ஆறுதல் தாராது. ஆதலின் இழுப்பு நின்றதும் பெற்றோர் அதனைக் கைவிடுவர். கருவியை அழுத்தும் கணத்திலேயே மூச்சிழுக்கவும் சிறு குழந்தையால் இயலாது. இவ்விடத்திலேதான் தாதியின் பணி விரிந்தது. இடைக்குழலும் முகமூடியும் பொருத்திக் காட்டல், குழந்தை தன் கையாற் செய்வதைப் பார்த்துத் திருத்தல், தடுக்கும் மருந்தையும் தணிக்கும் மருந்தையும் வேறுபடுத்தி விளக்கல், வீட்டிற் புகைபிடிப்பதைத் தவிர்க்கச் சொல்லல், அபாயக் குறிகளை எழுதிக் கொடுத்தல் என்பன அவள் கடமைகளாயின. இங்கிலாந்தில் 1980களிலும் 1990களிலும் தாதியர் நடத்திய தொய்வுச் சிகிச்சை நிலையங்கள் பெருகின.

பின்லாந்து 1994 முதல் 2004 வரை நாடளாவிய திட்டமொன்றை நடாத்தி, சுகாதார நிலையங்களிற் பொறுப்புத் தாதியரை நியமித்தது. அங்கு 1993இல் 1,10,000 ஆக இருந்த தொய்வு நோயாளரின் மருத்துவமனை நாட்கள், 2003இல் 51,000 ஆகக் குறைந்தன. இவ்வெண்கள் எல்லா வயதினரையுஞ் சார்ந்தவை. மருத்துவர், மருந்தாளர் பங்கும் இதில் உண்டு. எனினும் தாதியரின்றி இது கைகூடியிராது.

முன்னர் நோயுற்ற குழந்தை வீட்டினின்றும் பிரிக்கப்பட்டது. பின்னர் நோயை ஆளும் அறிவு வீட்டிற்கே கொண்டுசெல்லப்பட்டது. அவ்வறிவைச் சுமந்து சென்றோர் தாதியரே.