ஊசியின் வீடும் திசைச்சொல்லும்

‘காம்பஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழர் இரண்டாகப் பிரித்து வழங்குகிறோம். மாணவர் கையில் வட்டம் வரைவது கவராயம். மாலுமியின் முன் வடக்கு நோக்கி நிற்பது திசைகாட்டி. அரபு மொழியினரும் இவ்வாறே பிரித்துள்ளனர். வட்டம் வரையும் கருவி அவர்க்குப் ‘பிர்கார்’ அல்லது ‘ஃபிர்ஜார்’. இது பாரசீகம் தந்த சொல். திசை காட்டும் கருவி ‘பூஸ்லா’. எல்லை, வீச்சு என்னும் பொருள்பட அச்சொல் வருமிடத்து ‘நிதாக்’ என்பர். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று அரபுச் சொற்கள். அகராதியின் பணி இத்துடன் முடிந்துவிடுகிறது. வரலாற்றின் பணியோ இங்குதான் தொடங்குகிறது. ‘பூஸ்லா’ என்னும் சொல் வந்து சேருமுன்பே அரபுக் கடலோடிகள் அக்கருவியைக் கையாண்டனர். அன்று அதற்கு அவர்கள் இட்ட பெயர் யாது?

முதற்கண் ஆங்கிலச் சொல்லை நோக்குவோம். இலத்தீனில் ‘பாசுஸ்’ என்றால் காலடி. அடியெடுத்து வைத்து நிலத்தை அளத்தல் என்னும் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. சுற்றளவு, வட்டம், எல்லை, வட்டம் வரையும் கருவி என்னும் பொருள்கள் முன்னே நிற்க, காந்த ஊசிக் கருவி என்னும் பொருள் பின்னரே வந்து ஒட்டிக்கொண்டது. நிலத்தில் நடந்தவனின் காலடியே கடலில் வழிகாட்டும் கருவிக்குப் பெயராயிற்று. செய்யுளின் வரியை ‘அடி’ என வழங்கும் நமக்கு இப்பெயர்ச்சி வியப்பளிக்காது.

அரபுப் ‘பூஸ்லா’வின் வேர் இத்தாலியச் சொல்லாகிய ‘புஸ்ஸோலா’. அதன் பொருள் சிறு பெட்டி. கிரேக்கத்தில் ஒருவகை மரத்தின் பெயரும், அம்மரத்தாற் செய்த பெட்டியின் பெயரும் அதன் மூலங்கள். மத்தியதரைக் கடல் வணிகத்தின் வழியே அது அரபுக் கரையை அடைந்தது. ஆங்கிலம் அளவையைப் பெயராக்கியது. இத்தாலியம் பெட்டியைப் பெயராக்கியது.

காந்த ஊசி பற்றிய தெளிவான முதற்குறிப்பு சீனத்தில் ஷென் குவோ 1088ஐ ஒட்டி எழுதிய நூலில் உள்ளது. அரபு எழுத்தில் குறிப்பிடத்தக்க சான்று பைலக் அல்-கிப்ஜாக்கி தருவது. சிரியாவின் திரிப்போலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்கு 1242இல் பயணம் செய்தபோது கண்டதை 1282இல் எழுதிய நூலில் அவர் விவரிக்கிறார். விண்மீன் தெரியாத இரவில் மாலுமிகள் நீர் நிறைந்த கலத்தில் ஊசியைத் துரும்பில் செருகி மிதக்கவிட்டனர். காந்தக் கல்லை அதன்மேல் சுழற்றிச் சட்டென அகற்றினர். ஊசி திசையைக் காட்டி நின்றது. இந்தியப் பெருங்கடலில் செல்வோர் ஊசிக்கு மாறாக, உள்ளீடற்ற இரும்பு மீனை மிதக்கவிடுவர் என்றும் அவர் கூறுகிறார். ஏமன் நாட்டு அல்-அஷ்ரஃப், தொழுகைத் திசையை அறிய 1290ஐ ஒட்டி எழுதிய ஏட்டில் இக்கருவியைத் ‘தாஸா’, அதாவது கிண்ணம், என்றே வழங்கினார்.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஜுல்ஃபாரில் தோன்றிய இப்னு மாஜித் காலத்தில் இரு பெயர்கள் வழங்கின. ஒன்று ‘ஹுக்கா’, சிமிழ். மற்றொன்று ‘பைத் அல்-இப்ரா’, ஊசியின் வீடு. இப்னு மாஜித் கடல்நூலைச் செய்யுளிலும் யாத்தவர். 1462இல் அவர் இயற்றிய ‘ஹாவியா’ ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள் வரிகளைக் கொண்டது. கப்பலின் இருளில் ஏட்டை விரித்துப் படிக்க இயலாதவர்க்கு மனப்பாடமே விளக்கு. அரபு யாப்பில் ‘பைத்’ என்பது செய்யுளின் ஒரு முழு வரிக்கும் பெயர் என்பது ஈண்டு நினைத்தற்குரியது. ஊசிக்கு வீடளித்த சொல்லே கவிதைக்கும் வீடளித்தது.

அவ்வீட்டின் முகப்பில் வட்டம் முப்பத்திரண்டு கூறுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. வடக்குத் துருவமீனின் பெயரையும், தெற்குத் தென் துருவத்தின் பெயரையும் பெற்றன. எஞ்சிய முப்பதும் பதினைந்து விண்மீன்களின் உதயமும் மறைவுமாகும். கிழக்கு ‘தாயிர்’ உதிக்கும் இடம். மேற்கு அது மறையும் இடம். உண்மையில் அம்மீன்கள் தத்தம் கூறுகளில் துல்லியமாக உதிப்பதில்லை. கூறுகள் கணக்கால் அமைந்தவை, பெயர்களோ வானத்தால் அமைந்தவை. புதிய கருவி வந்தபோது பழைய வானறிவைக் கடலோடிகள் கைவிடவில்லை. அதையே கருவியின்மேல் எழுதிக்கொண்டனர்.

பின்னர் நேர்ந்தது மாற்றம். ஊசியின் வீட்டை இத்தாலியப் பெட்டி வென்றது. இன்று இதழ் எழுதும் அரபியர், நெறி தவறிய ஒருவரைப் ‘பூஸ்லாவை இழந்தவர்’ என்பர். அதே வேளையில் தாயிரையும் வாக்கியையும் ஐரோப்பியர் ‘ஆல்டேர்’, ‘வேகா’ எனத் தம் வான்படங்களில் ஏற்றுக்கொண்டனர். பெட்டியின் பெயரைக் கொடுத்து விண்மீன் பெயர்களைப் பெற்ற வணிகம் அது.

இரவல் இழிவன்று. தொல்காப்பியர் திசைச்சொல்லுக்குச் செய்யுளில் இடம் தந்தவர். கப்பல் நடத்துவோனை ‘மாலுமி’ என்கிறோமே, அச்சொல்லே ஆசான் என்னும் பொருளுடைய ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். அரபுக் கடல்நூல்களும் சோழமண்டலக் கடலோடிகளைச் ‘சூலியான்’ எனக் குறிக்கின்றன. அவர் பெயர் இங்கும் நம் பெயர் அங்குமாகக் கரை மாறியிருக்கின்றன.

கவலைக்குரியது வேறொன்று. புதுச்சொல் வரும்போது பழஞ்சொல்லைப் பதிவு செய்யாமல் விடுவதே அது. ‘பைத் அல்-இப்ரா’ இன்றும் நமக்குக் கிடைப்பது, கடலோடி ஒருவர் எழுதி வைத்ததாலேயே. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் பெயராலே திசையறிந்த நம் கரையோர மக்களின் சொற்களை எழுதி வைத்தோர் எத்துணையர்? கலைச்சொல் ஆக்குவோர் அகராதியைத் திறக்குமுன், அத்தொழில் செய்வோரிடம் ஒருமுறை கேட்பது கடமை. ‘திசைகாட்டி’ நல்ல சொல்லே. ஆயினும் அது கருவியின் பயனை மட்டுமே சொல்கிறது. அதைக் கையில் ஏந்தியவன் எந்த விண்மீனை, எந்தக் காற்றை நம்பினான் என்பதைச் சொல்ல வேறு சொற்கள் வேண்டும். பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கவிஞர்கள் அச்சொற்களைத் தேடிச் செய்யுளில் குடியேற்றுவார்களாக.