மோரிஸ் பழம் எங்கிருந்து வந்தது?

எங்க எழுமலை பஜாரில் எந்தப் பெட்டிக்கடை முன்னால் நின்றாலும் ரெண்டு தார் தொங்கும். ஒன்று நாட்டுப்பழம். இன்னொன்று நீளமாக, பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். அது என்னவென்று கேட்டால் "மோரிஸ்" என்பார்கள். மோரிஸ் ஏதோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பழைய தோட்டக்கலைப் பட்டியல்களில் இதே வாழைக்கு 'மொரீஷியஸ்' என்றும் ஒரு பெயர் உண்டு. மொரீஷியஸ்தான் நம்ம வாயில் தேய்ந்து மோரிஸ் ஆகியிருக்கிறது என்பது என் கணிப்பு.

தென்சீனத்திலிருந்து இந்தக் குள்ள வாழை 1820களில் மொரீஷியஸ் தீவுக்கு வந்தது. அங்கிருந்து இங்கிலாந்து போய், டெவன்ஷர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகைக் கண்ணாடிக் குடிலில் வளர்ந்தது. பிரபுவின் குடும்பப் பெயர் கேவண்டிஷ். தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1830களில் அதைப் பூக்க வைத்து, முதலாளி பெயரையே சூட்டிவிட்டார். பிறகு ஒரு பாதிரியார் கன்றுகளை சமோவாவுக்குக் கொண்டுபோனார், அங்கிருந்து பசிபிக் தீவுகளுக்குப் பரவின. இன்று உலக ஏற்றுமதி வாழை ஏறக்குறைய முழுவதும் இந்தக் கேவண்டிஷ் குடும்பம்தான்.

ஆனால் ரொம்ப காலம் உலக ஏற்றுமதியில் இதற்கு முதலிடம் கிடைக்கவில்லை. அப்போது ராஜா 'குரோ மிஷேல்'. தோல் தடிப்பு, கப்பலில் அடிபட்டாலும் கன்றாது. கேமரூனில் ஜெர்மானியர்கள் எரிமலை மண்ணில் பெரும் தோட்டங்கள் போட்டார்கள். முதல் உலகப் போரில் அவை பிரிட்டிஷார் கைக்குப் போயின. 1924-ல் லண்டனில் ஏலம் விட்டபோது பெரும்பாலானவற்றை எடுத்தவர்கள் அதே பழைய ஜெர்மன் முதலாளிகள்! 1930களில் வாழைத்தார்கள் கப்பல் கப்பலாக ஐரோப்பா போயின. இரண்டாம் போரில் மறுபடி பறிமுதல். 1947-ல் 'கேமரூன் வளர்ச்சிக் கழகம்' அவற்றை நடத்த ஆரம்பித்தது. தோட்டத்துக்கு ஆள் உள்நாட்டு மலைப்பகுதிகளிலிருந்து இறங்கி வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம்ம பக்கத்து ஜனம் போன கதையைப் படித்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

குரோ மிஷேலைக் கொன்றது பனாமா வாடல் நோய். மண்ணில் இருக்கும் பூஞ்சை, வேர் வழியாக ஏறும், மருந்து கிடையாது. வாழைக்கு விதை இல்லை, பக்கக் கன்றுதான். ஆக ஒரு தோட்டத்தில் லட்சம் மரம் இருந்தாலும் அது ஒரே மரத்தின் லட்சம் நகல். எல்லாக் கணக்குக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்த மாதிரி. ஒன்று போனால் எல்லாம் போச்சு. 1960களில் உலக வியாபாரமே நோய் தாங்கும் கேவண்டிஷுக்கு மாறியது. அதன் ஒரு வகை 'கிராண்ட் நைன்', பிரெஞ்சில் 'பெரிய குள்ளி'.

அந்தக் குள்ளிதான் நம்ம ஜி9. எழுமலைக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி சுற்றித்தான் போகணும். நமக்கு மானாவாரி, அங்கே 1895-லிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். 1990களுக்குப் பிறகு திசு வளர்ப்புக் கன்றும் சொட்டுநீரும் வந்ததும் சின்னமனூர், கம்பம் பக்கம் ஜி9 தோட்டங்கள் பெருகின. முக்கால் பங்கு முற்றியதும் வெட்டி, சீப்பு பிரித்து, கழுவி, பெட்டியில் அடுக்கி, 13 டிகிரி சொச்சம் குளிரில் கன்டெய்னரில் வளைகுடாவுக்கு அனுப்புகிறார்கள். குளிர் அதைவிடக் குறைந்தால் தோல் கருத்துவிடும்.

உலக வாழையில் கால்வாசி இந்தியாவில் விளைகிறது, ஏற்றுமதியோ விளைச்சலில் நூற்றில் ஒன்று இரண்டு பங்குதான். விளைச்சலில் நம் அருகில்கூட வராத ஐவரி கோஸ்டும் கேமரூனும் ஐரோப்பியச் சந்தையில் நிலையாக நிற்கின்றன. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அவர்களுக்கு ஐரோப்பா கப்பல் தூரத்தில் பக்கம், 1975 லோமே ஒப்பந்தத்திலிருந்து சந்தைச் சலுகையும் உண்டு. தோட்டம் முழுக்க ஏற்றுமதிக்கென்றே போட்டது. நாம் விளைவிப்பதை நாமே தின்றுவிடுகிறோம். ரஸ்தாளி பழுத்தால் சீப்பிலிருந்து உதிரும், அதைக் கப்பலில் ஏற்ற முடியாது. பூவன், மொந்தன், கற்பூரவள்ளி, செவ்வாழை என்று ஆளுக்கொரு ருசி. ஏற்றுமதிக்காரருக்கு இது தலைவலி, எனக்கு இதுதான் நம்ம பலமாகப் படுகிறது.

ஏன் என்றால், 2010-ல் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். கேவண்டிஷைத் தொடாது என்று நம்பியிருந்த பழைய வாடல் நோய் இனமே தேனிப் பக்கம் கேவண்டிஷைத் தாக்குகிறது என்று. அதைவிட வீரியமான நான்காம் வெப்பமண்டல இனம் 2013-ல் மொசாம்பிக்கில் தெரிய வந்தது. பிறகு பீகாரிலும் வந்தது. மண்வெட்டியில், செருப்பில் ஒட்டிய மண்ணே அதற்கு வண்டி.

இப்படி ஒன்று நம்ம பக்கம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. முடிக்கொத்து நோய் 1889-ல் பிஜியில் பதிவானது. 1913-ல் இலங்கை, 1940-ல் கேரளம். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ், கன்றோடு கன்றாக ஊர் மாறும். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் காப்பிக்கு இடையே ஓங்கி நின்ற மலைவாழையை அது எழுபதுகளிலிருந்து அரித்தது. சிறுமலைக்காரர்கள் எலுமிச்சைக்கும் மிளகுக்கும் மாறினார்கள். 2008-ல் சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது பல தோட்டங்களில் மரமே இல்லை. வைரஸ் இல்லாத திசுக் கன்று கொடுத்து வேளாண் பல்கலைக்கழகம் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொண்டிருக்கிறது.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்த மலைப்பழம்தான் சரி, ஈரம் கம்மி, கெடாது. போன மாசம் பஜாரில் சிறுமலைப் பழம் இருக்கா அண்ணே என்று கேட்டேன். "அது எப்பவாச்சும்தான் தம்பி வரும். மோரிஸ் தரவா?" என்றார்.