70% வேலையை சப்ளையர்களிடம் கொடுத்த போயிங்... 787 விமானம் 3 வருஷம் லேட் ஆனது ஏன்?

2007-ம் ஆண்டு ஜூலை 8. அமெரிக்க முறைப்படி எழுதினால் 7/8/07. '787' என்ற எண் வருவதற்காகவே அந்தத் தேதியைப் பிடித்து, சியாட்டில் அருகே உள்ள எவரெட் ஆலையில் தனது புதிய ட்ரீம்லைனர் விமானத்தை உலகுக்குக் காட்டியது போயிங். ஆயிரக்கணக்கானோர் கைதட்டினார்கள். ஆனா, பளபளன்னு நின்ற அந்த விமானத்துக்குள் பெரும்பாலான சிஸ்டங்கள் இல்லை. பல இடங்களில் தற்காலிக போல்ட்டுகள்தான் உடலைப் பிடித்துக்கொண்டிருந்தன. விழா முடிந்ததும் பல பகுதிகளை மறுபடி பிரித்து வேலை பார்க்க வேண்டியிருந்தது.

சில வாரங்களில் பறக்கும் என்று சொல்லப்பட்ட அந்த விமானம் முதன்முதலாகப் பறந்தது 2009 டிசம்பர் 15-ல். 2008 மே மாதம் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் கைக்குப் போக வேண்டிய முதல் விமானம், 2011 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தது.

787 என்றதும் 2025 ஜூனில் அகமதாபாத்தில் நடந்த விபத்து நினைவுக்கு வரலாம். அது தனி விஷயம், இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை. ஒரு பெரிய நிறுவனமும் அதன் சப்ளையர்களும் சேர்ந்து ஒரு புதுப் பொருளை உருவாக்கும்போது எங்கே சறுக்குகிறது என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு 787-ஐ விட பெரிய பாடம் கிடைப்பது கஷ்டம்.

போயிங் என்ன புதுசா செய்தது?

சப்ளையரிடம் வேலை கொடுப்பது போயிங்குக்குப் புதுசு இல்லை. பழைய முறையில் வரைபடத்தை போயிங்கே போட்டுவிடும். சப்ளையர் அதைப் பார்த்து அப்படியே செய்து கொடுப்பார். நம்ம ஊர்ல 'ஜாப் ஒர்க்' என்கிறோமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

2004 ஏப்ரலில் தொடங்கிய 787-ல் இது மாறியது. 'இந்த இடத்துக்கு, இந்த அளவில், இவ்வளவு எடையைத் தாங்கும் பாகம் வேண்டும். விரிவான டிசைனை நீங்களே பண்ணுங்க, அதுக்கு ஆகும் செலவையும் நீங்களே போடுங்க, விமானம் விற்கும்போது சேர்த்து வாங்கிக்கலாம்' என்றது போயிங். இப்படி வந்தவர்களுக்கு சப்ளையர் என்று பெயர் இல்லை, 'ரிஸ்க்கைப் பகிரும் பார்ட்னர்கள்'. முதல் அடுக்கில் மட்டும் சுமார் 50 நிறுவனங்கள்.

இறக்கை ஜப்பானின் மிட்சுபிஷிக்கு, இறக்கைகள் இணையும் நடுப்பெட்டி ஃபூஜிக்கு, முன் உடலில் ஒரு பகுதி கவாசாகிக்கு, நடு உடல் இத்தாலியின் அலேனியாவுக்கு, பின் உடல் அமெரிக்காவின் வாட் நிறுவனத்துக்கு, மூக்குப் பகுதி ஸ்பிரிட்டுக்கு. ஜப்பானின் மூன்று நிறுவனங்களிடம் மட்டும் சுமார் 35 சதவீத வேலை. மொத்தமாகப் பார்த்தால் சுமார் 70 சதவீதம் வெளியே போனது. இந்தப் பாகங்களைச் சுமந்து வருவதற்காகவே பழைய 747 விமானங்களை வயிறு வீங்கியது போல மாற்றி, அதற்கு 'ட்ரீம்லிஃப்டர்' என்று பெயர் வைத்தார்கள். எல்லாம் எவரெட்டுக்கு வந்து சேர்ந்ததும் 3 நாளில் ஒட்டவைத்து விமானத்தை வெளியே தள்ளிவிடலாம் என்பதுதான் கணக்கு.

கணக்கு எங்கே தப்பியது?

முதல் சிக்கல், வேலை வாங்கியவர்கள் அதை இன்னொருவருக்குக் கைமாற்றியது. முதல் அடுக்கு நிறுவனம் சிலவற்றை இரண்டாம் அடுக்குக்கும், அவர்கள் மூன்றாம் அடுக்குக்கும் கொடுத்தார்கள். கீழே என்ன நடக்கிறது என்று போயிங்குக்கே தெரியவில்லை. நிலவரத்தைப் பார்க்க பொதுவான கம்ப்யூட்டர் சிஸ்டம் இருந்தது. ஆனா, அதில் உண்மை நிலவரத்தை உடனுக்குடன் பதிவு செய்தால்தானே பிரயோஜனம்? 'நாங்க லேட்' என்று ஒரு பார்ட்னர் தானாக வந்து ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தது கொஞ்சம் அப்பாவித்தனம்தான்.

இரண்டாவது, பணம். விமானம் சான்றிதழ் வாங்கி, வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகுதான் பார்ட்னர்களுக்கு முழுப் பணம் வரும். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா, ஒரு பார்ட்னர் ராத்திரி பகலா உழைத்து முன்கூட்டியே முடித்தாலும், கடைசியாக முடிக்கும் பார்ட்னருக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். அப்புறம் யார் அவசரப்படுவார்கள்?

மூன்றாவதுதான் முக்கியமானது. இருவர் செய்த பாகங்கள் சந்திக்கும் இடம். முதல் விமானத்தில் மூக்குப் பகுதியையும் அடுத்த உடல் பகுதியையும் சேர்த்தபோது சில மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தது. இரண்டும் தனித்தனி நிறுவனங்கள் செய்தவை. 2009 ஜூனில், பறக்கத் தயார் என்று நினைத்த நேரத்தில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பலவீனம் இருப்பது சோதனையில் தெரியவந்து மறுபடி தள்ளிப்போட்டார்கள். ஒரு பக்கம் மிட்சுபிஷியின் இறக்கை, மறுபக்கம் ஃபூஜியின் பெட்டி. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓனர் உண்டு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோட்டுக்கு யார் ஓனர்? அந்தப் பொறுப்பு போயிங்குடையதுதான். ஆனா, டிசைன் வேலையைப் பெருமளவு வெளியே கொடுத்துவிட்ட பிறகு, அந்தக் கோட்டைக் கவனிக்கும் கை குறைந்துபோனது.

இதெல்லாம் ஒரே கம்பெனிக்குள்ளேயும் நடக்கும். ஏர்பஸ் ஏ380-ஐ உருவாக்கியபோது, ஜெர்மனியின் ஹாம்பர்க் குழு டிசைன் சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனிலும், பிரான்ஸின் துலூஸ் குழு புது வெர்ஷனிலும் வேலை செய்தன. கடைசியில் ஒயர்கள் நீளம் பத்தவில்லை. ஒரு விமானத்துக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஒயர்! 2006-ல் அந்தத் திட்டமும் தள்ளிப்போனது.

போயிங் எப்படி மீண்டது?

காசைக் கொட்டி. தடுமாறிக்கொண்டிருந்த வாட் நிறுவனத்தின் சார்ல்ஸ்டன் ஆலையை 2009-ல் சுமார் 100 கோடி டாலர் மதிப்பில் போயிங்கே வாங்கியது. எவரெட்டில் 24 மணி நேரமும் இயங்கும் கன்ட்ரோல் ரூம் திறந்து, மொழிபெயர்ப்பாளர்களையும் வைத்து, உலகம் முழுக்க இருக்கும் சப்ளையர்களைக் கண்காணித்தது. பிரச்னை வந்த ஆலைகளுக்கு தன் இன்ஜினியர்களை அனுப்பியது. ஆரம்பத்திலேயே அனுப்பியிருக்கலாமே என்று கேட்டால் பதில் இல்லை. இத்தனைக்கும் 2001-லேயே போயிங்கின் சொந்த இன்ஜினியர் ஜான் ஹார்ட்-ஸ்மித், வேலையை வெளியே கொடுத்தால் லாபமும் வெளியே போகும், சப்ளையருக்கு தொழில்நுட்ப உதவியும் மேற்பார்வையும் தரவில்லை என்றால் திட்டமே சறுக்கும் என்று கட்டுரை எழுதி எச்சரித்திருந்தார்.

ஆரம்ப கால விமானங்களைத் தயாரித்ததில் தள்ளிவைக்கப்பட்ட செலவுக் கணக்கு மட்டும் ஒரு கட்டத்தில் 2,500 கோடி டாலரைத் தாண்டியது. அளவுக்கு மீறி வெளியே கொடுத்துவிட்டோம் என்று போயிங் பயணிகள் விமானப் பிரிவின் அன்றைய தலைவர் ஜிம் ஆல்பா 2011-ல் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. 2013 ஜனவரியில் பாஸ்டனில் நின்றிருந்த விமானத்தில் பேட்டரி தீப்பிடித்தது. சில நாளில் ஜப்பானில் இன்னொரு விமானம் பேட்டரி புகையால் அவசரமாகத் தரையிறங்கியது. உலகம் முழுக்க 50 விமானங்களும் நிறுத்தப்பட்டன. ஏர் இந்தியாவிடம் அப்போது இருந்த 6 விமானங்களும் அதில் அடக்கம். போயிங் வேலை கொடுத்தது பிரான்ஸின் தாலஸுக்கு, தாலஸ் பேட்டரி வாங்கியது ஜப்பானின் ஜிஎஸ் யுவாசாவிடம். விசாரணை அறிக்கையில் பேட்டரி செய்தவர் மட்டும் இல்லை, அதன் ஆபத்தைச் சரியாக மதிப்பிடாத போயிங்கும், சான்றிதழ் கொடுத்த அமெரிக்க விமானத் துறையும் விமர்சிக்கப்பட்டன.

அப்போ சப்ளையரோடு சேர்ந்து டிசைன் செய்வதே தப்பா?

இல்லை. ஜப்பானின் டொயோட்டா பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்கிறது. அங்கேயும் பல பாகங்களுக்கு டிசைன் சப்ளையருடையதுதான். வித்தியாசம், அந்த சப்ளையரின் இன்ஜினியர்கள் 'விருந்தினர்' என்ற பெயரில் டொயோட்டா ஆபீஸிலேயே வந்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். வரைபடத்தை டொயோட்டா பார்த்து ஓகே சொன்னால்தான் அடுத்த கட்டம். ஓகே சொல்ல விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே? அதற்காக 1980-களின் இறுதியில், டென்சோ என்ற பெரிய எலக்ட்ரானிக்ஸ் சப்ளையர் பக்கத்திலேயே இருந்தும், டொயோட்டா தானும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலை தொடங்கியது. வாங்கும் பொருளைப் பற்றிய அறிவு கையை விட்டுப் போய்விடக் கூடாது என்ற பயம்தான் காரணம்.

787 தோல்வி அடைந்த விமானம் இல்லை. இதுவரை 1,000-க்கும் மேல் டெலிவரி ஆகியிருக்கிறது. ஆனா, அடுத்து வந்த 777எக்ஸ் விமானத்தின் இறக்கையை போயிங் யாரிடமும் கொடுக்கவில்லை, எவரெட்டிலேயே தனி ஆலை கட்டி தானே செய்கிறது. 787-இன் மூக்குப் பகுதியைச் செய்யும் ஸ்பிரிட் இருக்கிறதே, அதன் விச்சிட்டா ஆலை 2005 வரை போயிங்கின் சொந்த ஆலை. விற்றுவிட்ட அதையே திரும்ப வாங்கப் போவதாக 2024 ஜூலையில் போயிங் அறிவித்தது. பேசிய விலை 470 கோடி டாலர்.